சர்க்கரை நோயும் ரமலான் நோன்பும்: மருத்துவரிடம் கேட்டவை

ரமலானுக்கு இரண்டு மாதம் முந்தைய ரஜப் மாதம் பிறந்ததிலிருந்து பாலக்காட்டு எல்லையூர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

புதுநகரத்திலிருந்து ஒரு மகன்: டாக்டர், என் அத்தாவுக்கு வயது 63. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். வெறும் வயிற்றில் 130தான். தாராளமாக நோன்பு வைக்கலாம் அல்லவா?

அந்த ஓர் எண்ணை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். நோய் வந்து எத்தனை ஆண்டுகள், என்ன மருந்து, அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கினாரா, சிறுநீரகம் எப்படி, பகலில் என்ன வேலை என ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டும் முறை ஒன்றைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தருகிறது. கூட்டுத்தொகை 3 வரை என்றால் ஆபத்து குறைவு, 3.5 முதல் 6 வரை நடுத்தரம். அதற்கு மேல் போனால் நோன்பு வேண்டாம் என்பதே அறிவுரை. இந்தக் கணக்கை நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகவே போட வேண்டும்.

உங்கள் அத்தாவைப் பொறுத்தவரை எனக்குக் கவலை தருவது கிளிமிபிரைடுதான். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடோ உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதனால் சஹரில், அதாவது விடியலுக்கு முந்தைய உணவோடு, விழுங்கினால் பகலில் சர்க்கரை தாழ இடமுண்டு. பொதுவாக அதை இஃப்தாருக்கு, அதாவது மாலையில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு, மாற்றுவார்கள். அளவைக் குறைப்பதா என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். நோன்புக்காக மாத்திரையையே நிறுத்திவிடும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. அதுவும் ஆபத்துதான்.

கொழிஞ்சாம்பாறை, தென்னந்தோப்புத் தொழிலாளி: டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். வெயிலில் வேலை.

இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும்போது நீரும் சேர்ந்து போகும். மாசி, பங்குனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில், பதின்மூன்று மணி நேரம் நீரின்றித் தோப்பில் நிற்பவருக்கு அது வெறும் நாவறட்சியோடு நின்றுவிடாது. மருந்தை இஃப்தாரோடு எடுத்துக்கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள். முடிந்தால் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு வயது 19, முதல் வகை நீரிழிவு. சென்ற மாதம் ஒருமுறை மயங்கினாள்.

இந்த ஆண்டு வேண்டாம், அம்மா. இன்சுலினை ஒருபோதும் நிறுத்தவும் வேண்டாம்.

கொல்லங்கோடு: விரலில் குத்தி இரத்தம் பார்த்தால் நோன்பு முறியுமா?

முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் கூறுகின்றனர். ஐயமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். மருத்துவத்தில் எனக்கு ஐயமில்லை: நண்பகலிலும் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகும் கட்டாயம் பாருங்கள்.

மீண்டும் புதுநகரம்: சர்க்கரை 65 என்று காட்டினாலும், "மஃரிபுக்கு (நோன்பு திறக்கும் அந்தி வேளைக்கு) அரை மணி நேரம்தானே" என்று அத்தா மறுத்தால்?

70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும் அந்த நிமிடமே நோன்பை விட வேண்டும். 13 நாடுகளில் 2001இல் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளிடையே கடுமையான தாழ்சர்க்கரை ரமலானில் 7.5 மடங்கு கூடியிருந்தது. நோயாளி வேறு நாட்களில் எண்ணிக்கையை நிறைவு செய்யலாம் என்ற சலுகை குர்ஆனில் பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களிலேயே இருப்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். நோன்புக் கஞ்சி கொதிக்கக் காத்திராமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள்.