எதிர்வாதம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 26. குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுகிறேன். கட்டுரைத் தாளில் மதிப்பெண் ஏறவே இல்லை. மாதிரித் தேர்வுகளைத் திருத்துபவர்கள் ‘வாதம் ஒருபக்கமாக இருக்கிறது’ என்கிறார்கள். மேற்கோள்கள் நிறைய மனப்பாடம் செய்திருக்கிறேன். வீட்டில் படிக்க இடைஞ்சல் இல்லை. ‘தேர்வெழுதியது போதும், கடைக்கு வா’ என்று அப்பா பேச்செடுத்தால் மாடிக்குப் போய்விடுவேன். வாதக் கட்டுரையின் அடிப்படைகளைக் கற்க எந்த நூலைப் படிக்கலாம்?
— வாசகர், மதுரை

பதில்: தம்பி, நூற்பட்டியல் தரப்போவதில்லை. இதே கேள்வியோடு வரும் கடிதங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். எழுதியவர்களிடம் நூல்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் மாடி பற்றிய வரிதான் என்னை உறுத்துகிறது. உங்களோடு மனமார மாறுபடும் ஒருவர் வாயைத் திறந்ததும் எழுந்து போகிறவருக்கு, மாறுபட்ட கருத்தைத் தாளில் நிறுத்தி விடை சொல்லும் பயிற்சி எங்கிருந்து வரும்?

கட்டுரைத் தாளில் 3 மணி நேரத்தில் 2 கட்டுரைகள், மொத்தம் 250 மதிப்பெண். பிறர் சொன்ன மேற்கோள்களை அடுக்கி அதைக் கடந்துவிட முடியாது. நூலாசிரியர் கொள்ள வேண்டிய எழுவகை மதங்களுள் (கொள்கைகளுள்) ஒன்றாக, ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’ என்பதை நன்னூல் வைத்திருக்கிறது. மாற்றார் கருத்தை முதலில் ஏற்று நின்று பார்த்த பிறகே அதை மறுக்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கைத்தான் நீங்கள் விட்டுவிடுகிறீர்கள்.

வாதத்தின் உறுப்புகளை மணிமேகலையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் தெளிவாகச் சொல்கிறார். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இம்மலையிலும் புகை உண்டு என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என முடிப்பது நிகமனம். உங்கள் தந்தையின் பேச்சையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ‘கடைக்கு வா’ என்பது அவருடைய பக்கம். அவருடைய ஏது என்ன? உடல் தளர்ச்சியா, கடனா, உங்கள் வயது பற்றிய கவலையா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, ஏனென்றால் நீங்கள் அதைக் கேட்கும்வரை உட்கார்ந்ததே இல்லை.

இதை வெட்கப்பட வேண்டிய செயல் என்றே சொல்வேன். 26 வயதிலும் தந்தையின் உழைப்பில் உண்டு படிக்கும் மகன், அவர் விருப்பத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். குறைகளோடு வரும் மக்களைக் கேட்கும் பதவிக்குத் தயாராகிறவர், பெற்றவரைக் கேட்க மறுப்பது எந்த வகையில் நியாயம்?

இந்த வாரம் மேற்கோள் குறிப்பேட்டை மூடிவையுங்கள். அப்பா பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டு, அவர் வாதத்தை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடமே படித்துக் காட்டுங்கள். ‘நான் சொன்னது இதுதான்’ என்று அவர் ஒப்பும்வரை திருத்துங்கள். பிறகு உங்கள் மறுப்பை எழுதி அதையும் அவரிடம் படியுங்கள். அவர் ஏற்காவிட்டால், எந்த ஏது தமக்குப் போதவில்லை என்று கேட்டு, அந்த இடத்துக்கு மட்டும் புதிய சான்று தேடுங்கள்.