வி.பி.என். கனெக்ட் ஆகுது, வேலைதான் நடக்குதில்லை: றவுட்டர் கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, கொழும்பு ஒபீஸ் வி.பி.என். (இணையத்தால ஒபீஸ் நெட்வேர்க்குக்குள்ள போற பாதுகாப்பான பாதை) கனெக்ட் எண்டு காட்டுது. சேவர் போல்டர் மட்டும் திறக்குதில்லை. றவுட்டரை ரெண்டு தரம் றீசெட் பண்ணியும் பாத்திட்டன்.

பதில்: றீசெட்டால தீராது தம்பி. ஒபீஸ் ஐபி விலாசங்களும் 192.168.1 எண்டு தொடங்குது, உங்கட வீட்டிலயும் 192.168.1 போல. சேவர் 192.168.1.10 எண்டால் உங்கட கொம்பியூட்டர் அதை வீட்டுக்குள்ளேயே தேடும், வி.பி.என். பக்கம் திரும்பியும் பாராது. றவுட்டர் செட்டிங்கில லேன் ஐபியை (வீட்டுப் பக்க விலாசத்தை) 192.168.73.1 ஆக்குங்கோ. டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானா ஐபி குடுக்கிறது) தானா மாறாட்டி 192.168.73.100 தொடக்கம் 192.168.73.200 வரை குடுங்கோ. சேவ் பண்ணினதும் அந்தப் பக்கம் அறுந்துபோகும், பயப்படாதேங்கோ. வைஃபையை ஒருக்கா நிப்பாட்டித் திரும்பப் போட்டு, புது விலாசத்தை அடிச்சு உள்ள போங்கோ. கையால ஐபி குடுத்த பிரிண்டர், கமரா இருந்தால் அதையும் மாத்துங்கோ. இதை மறந்திட்டுத்தான் கனபேர் அடுத்த நாள் "பிரிண்டர் செத்துப்போச்சு" எண்டு வருவினம்.

மல்லாவியிலிருந்து: வயர்கார்ட் (ஒரு வி.பி.என். மென்பொருள்) போட்டால் வட்ஸ்அப் மெசேஜ் போகுது, பெரிய பக்கங்கள் சுத்திக்கொண்டே நிக்குது. 4ஜி றவுட்டர்.

பதில்: எம்டியு (ஒருதரம் அனுப்பிற தரவுப் பொதியின்ர ஆகக்கூடிய அளவு) பிரச்சினை, தங்கச்சி. சின்னப் பொதி நுழையும், பெரிசு வழியில விழும். வி.பி.என்.னை நிப்பாட்டி, விண்டோசில பிங் கட்டளையை எஃப், எல் குறிகளோட ping -f -l 1472 எண்டு அடிச்சு, பின்னால ஒரு இணையத்தளத்தின்ர பேரையும் போடுங்கோ. பதில் வராட்டி பத்துப் பத்தாக் குறையுங்கோ. 1392இல பதில் வந்தால், பொதியின்ர தலைப்புக்கு (முன்னால ஒட்டுற விலாசத் தகவலுக்கு) 28ஐக் கூட்ட 1420, அதுதான் உங்கட லைனின்ர அளவு. வயர்கார்ட் தன்ர தலைப்புக்கு 80 பைட் வரை எடுக்கும். அதைக் கழிச்சு வயர்கார்ட்டில எம்டியு 1340 எண்டு போடுங்கோ. கணக்குப் பாக்கப் பஞ்சியெண்டால் 1280. வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனா அநேகமா ஓடும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: வீட்டில ஓபன்விபிஎன் (இன்னொரு வி.பி.என். மென்பொருள்) சேவர் வச்சு, றவுட்டரில அதுக்கான 1194 போர்ட்டும் (வெளியிலயிருந்து உள்ள வாற வாசல்) திறந்தாச்சு. வெளியிலயிருந்து வருகுதில்லை.

பதில்: றவுட்டரின்ர வேன் ஐபியை (இணையப் பக்க விலாசத்தை) பாருங்கோ. அது 100.64 தொடக்கம் 100.127 வரைக்குள்ள தொடங்கினால் ஒரு பொது ஐபியைப் பலபேரோட பகிர்ந்து பாவிக்கிறியள். எத்தினை போர்ட் திறந்தும் பிரயோசனமில்லை. இணையக் கொம்பனியிட்ட பொது ஐபி கேட்டு வாங்கோணும், இல்லாட்டி வெளியில வாடகைச் சேவர் எடுத்து வீட்டிலயிருந்து அதுக்குக் கனெக்ட் பண்ணோணும். வயர்கார்ட் எண்டால், தொடர்பு அறாமல் இருக்க கீப்அலைவ் எண்ட இடத்தில 25 செக்கன் குடுங்கோ.

ஒட்டுசுட்டானிலிருந்து: கரண்ட் போய் வந்தால் றவுட்டரில இருக்கிற ஓபன்விபிஎன் எழும்புதில்லை. கொஞ்சம் செல்லத் தானா வருது.

பதில்: கன றவுட்டருக்குள்ள மணிக்கூட்டுக்கு பற்றரி இல்லை. எழும்பேக்க 1970 எண்டு நினைக்கும், அதால வி.பி.என். சேவரின்ர சான்றிதழை "இன்னும் செல்லுபடியாகேல்லை" எண்டு தள்ளும். என்டிபி நேரத்தை (இணையத்தால வாற சரியான நேரத்தை) வி.பி.என்.னுக்கு வெளியால எடுக்க விடுங்கோ. 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒண்டு போட்டால் இன்னும் நல்லம். அடப்டரில இருக்கிற வோல்ட், அம்பியரைப் பாத்து வாங்குங்கோ, சில றவுட்டர் 9 வோல்ட்.