சிறுநீரில் எபிதீலியல் செல்கள்: பயப்பட வேண்டியது எதற்கு?

உங்கள் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘ஸ்குவாமஸ் எபிதீலியல் செல்கள் 8-10’ என்று இருப்பதற்காக நீங்கள் மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்திருக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி, எனக்கு எழுதிய கடிதத்தின் முதல் இரண்டு பக்கங்களையும் அந்தப் பயத்துக்கே கொடுத்துவிட்டீர்கள்.

உடலின் வெளிப்பரப்பையும் உள்ளிருக்கும் குழாய்கள், பைகள் ஆகியவற்றின் உட்பரப்பையும் போர்த்தியிருக்கும் திசுவுக்கே எபிதீலியம் என்று பெயர். இடைவெளியின்றி நெருங்கி நிற்கும் அதன் செல்கள் தேய்வதும், உதிர்வதும், அவற்றின் இடத்தில் புதியவை வளர்வதும் அன்றாடம் நடப்பவை. செய்யும் வேலைக்கு ஏற்ப அவற்றின் வடிவமும் மாறும். உப்பையும் நீரையும் மீட்டெடுக்கும் சிறுநீரக நுண்குழல்களில் அவை கனசதுரமாக இருக்கும். சிறுநீர்ப்பையிலோ, பை நிரம்பும்போது விரிந்து தட்டையாகி, காலியானதும் பழைய வடிவுக்குத் திரும்பும் இடைநிலை எபிதீலியம் இருக்கும். சிறுநீர்த் துவாரத்தின் முனையிலும் பிறப்புறுப்பிலும் உராய்வைத் தாங்குவதற்காகப் பல அடுக்குத் தட்டைச் செல்கள், அதாவது ஸ்குவாமஸ் செல்கள் இருக்கும். உங்கள் அறிக்கை சொல்வது இந்தக் கடைசி வகையைத்தான். மாதிரி எடுக்கும்போது வெளியிலிருந்து கலந்தவை அவை. சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுங்கள்; எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்துவிடும்.

என்னை நிறுத்தியது கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரி. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனது, வலியோ எரிச்சலோ இல்லை, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைப் போட்டதும் சரியாகிவிட்டது என்கிறீர்கள். சரியானது மாத்திரையால்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? சிறுநீர்ப்பைக் கட்டிகளில் கசியும் ரத்தம் பல நேரங்களில் வலியின்றி வந்து, தானாகவே நின்று, வாரக்கணக்கில் தலைகாட்டாமல் இருக்கும். ரத்தம் நின்ற பெருமை இடையில் விழுங்கிய மாத்திரைக்குப் போய்விடும், நோயறிதல் தள்ளிப்போய்விடும். தொற்று என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு தாமதமாக வரும் பெண்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

எபிதீலியத்துக்குள் ரத்தநாளங்கள் கிடையாது. அவை அடித்தளச் சவ்வு என்னும் மெல்லிய படலத்துக்குக் கீழே ஓடுகின்றன. ஆகவே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ரத்தம் வந்ததென்றால் அதற்குக் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். கல்லாக இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 53 வயதில், அதுவும் இருபது ஆண்டுகள் புகைபிடித்த ஒருவர், ஒரே ஒரு முறை வந்ததுதானே என்று இதை விட்டுவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான காரணங்களில் முதலிடம் புகைக்குத்தான். கட்டி அந்தச் சவ்வைத் தாண்டாமல் இருக்கும் கட்டத்தில் வயிற்றைத் திறக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி அகற்றிவிட முடியும்.

இந்த வாரமே சிறுநீரியல் அறுவை மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். ஸ்கேனுடன், சிறுநீர்த் துவாரம் வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் சிஸ்டாஸ்கோப்பியும் தேவைப்படும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சிஸ்டாஸ்கோப்பியைத் தவிர்க்காதீர்கள். உங்களுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதால், அந்த ரத்தம் பிறப்புறுப்பிலிருந்து வந்ததா என்பதை மகளிர் மருத்துவரிடமும் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். சிவப்பாகப் போன தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் மிச்சமிருப்பதை இனி விழுங்க வேண்டாம்.