வாசகர் கேள்வி: தண்ணீர் நிற்கும் வயலுக்கு எந்த மோல் கலப்பை?

கேள்வி: கண்மாய்க்குக் கீழே 3 ஏக்கர். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்று மிளகாய்ச் செடி அழுகுகிறது. நீடித்து உழைக்கும் மோல் கலப்பை எது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: மோல் கலப்பை என்றால், மண்ணுக்கு அடியில் எலிவளை மாதிரி ஒரு பொந்து போட்டு, நிற்கும் தண்ணீரை வடிகால் வாய்க்காலுக்கு வடியவிடும் கலப்பை. முதலில் ஒன்றரை அடி ஆழத்து மண்ணைப் பாருங்கள் அண்ணே. ஈரமாகப் பிசைந்து பென்சில் கனத்துக்கு உருட்டினால் உடையாமல் வர வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் மேட்டில் வராது. அங்கே இழுத்தால் குழாய் போன்ற அந்தப் பொந்து சீக்கிரமே தூர்ந்துவிடும். கண்மாய்க் களிமண் என்றால் கவலையில்லை.

சரி, கலப்பை. பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், குனிந்து அடியைப் பாருங்கள். முதலில் தேய்வது கொழு முனையும் மண்ணைத் துளைக்கும் குண்டும்தான். இரண்டும் போல்ட்டில் கழற்றி மாற்றுவதாக இருக்கட்டும். நான் முதலில் வாங்கியதில் குண்டை, அதைத் தாங்கி மண்ணைக் கிழித்துப் போகும் கத்தியோடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். சரளையில் ஒருபக்கமாகத் தேய்ந்து, கலப்பையே கோணி இழுத்தது. அறுத்தெடுத்து மாற்ற இரண்டு நாள் போயிற்று; அதற்குள் மண் காய்ந்துவிட்டது. முனையில் ஹார்டுஃபேசிங் வெல்டிங் (சீக்கிரம் தேயாமலிருக்கக் கெட்டி உலோகப் பூச்சு) போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கல்லில் மாட்டினால் கத்தி வளையாமலிருக்க, தானே ஒடிந்துவிடும் ஷியர் போல்ட்டும் வேண்டும்.

அப்புறம், மேல்மண் காய்ந்து அடிமண் பதமாக இருக்கும்போது, வாய்க்காலிலிருந்து மேட்டை நோக்கி மெதுவாக இழுங்கள். இடைவெளி 2 முதல் 3 மீட்டர். வாய்க்கால் பொந்தைவிடத் தாழ்வாக இல்லையென்றால் கலப்பை வாங்கவே வேண்டாம், முதலில் வாய்க்காலை வெட்டுங்கள்.