வெட்டி ஒட்டிய வேட்டை

வணக்கம் ஐயா,

ஆவணப்பட வகுப்பில் ஜான் மார்ஷலின் ‘தி ஹண்டர்ஸ்’ (1957) பார்த்தோம். ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள கலஹாரி பாலைவனத்தில் நான்கு பேர் ஓர் ஒட்டகச்சிவிங்கியை நாட்கணக்கில் பின்தொடரும் வேட்டை. பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது ஒரே வேட்டை இல்லையாம். பல வேட்டைகளில் எடுத்ததை வெட்டி ஒட்டியதாம். ஏமாந்துபோனதாகத் தோன்றுகிறது. ஒரு மக்களின் வாழ்க்கையை உள்ளபடி பதிவு செய்யும் இனவரைவியல் படம் எடுப்பவரே இப்படிச் செய்யலாமா?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ஒட்டுவேலையை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. அந்த வேட்டைக்காரர்கள் அம்பில் தடவுவது வண்டுப்புழுவின் நஞ்சு. மெதுவாகத்தான் ஏறும், பெரிய விலங்கு சாய்வதற்கு நாட்கள் ஆகும். அத்தனை தூரமும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரே வேட்டையை முழுசாகப் பிடிப்பது அன்றைக்கு யாருக்குமே கஷ்டம். மார்ஷலுக்கு அப்போது வயது இருபதுதான்.

என்னை உறுத்துவது வேறு. படத்தில் வரும் ஜூஹோன்சி மக்கள் வேட்டையை நம்பித்தான் வாழ்ந்தார்கள் என்ற எண்ணத்தை அந்தப் படம் பரப்பிவிட்டது. அவர்கள் சாப்பிட்டதில் பெரும்பகுதி பெண்கள் தோண்டியும் பொறுக்கியும் கொண்டுவந்த கிழங்கும் கொட்டையும். அந்த உழைப்பு படத்தில் ஓரத்தில் நிற்கிறது.

இந்தத் தவறோடு மார்ஷல் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார். 1958க்குப் பிறகு இருபது வருடம், அந்த மக்களின் பகுதியை அப்போது ஆண்ட தென்னாப்பிரிக்க அரசு அவரை அங்கே விடவில்லை. அந்த நாட்களில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் போலீஸ்காரர்களைப் படம் எடுத்தார். பழைய ஃபிலிம் சுருள்களிலிருந்து ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு படம் என்று குறும்படங்களும் செய்தார்.

1978இல் திரும்பிப் போனால், காட்டில் பார்த்தவர்கள் சும்க்வே என்ற அரசுக் குடியிருப்பில் ரேஷன் மாவை நம்பி நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். 1980இல் வந்த அவருடைய படத்தில் நை என்ற ஜூஹோன்சிப் பெண் கேமராவைப் பார்த்துத் தன் கதையைச் சொல்கிறாள். இடையிடையே 1950களில் எடுத்த சிறுமி நை வந்துபோகிறாள். படக்காரர்கள் கொடுத்த காசுக்காகச் சொந்தக்காரர்கள் அவளோடு சண்டை போடுகிறார்கள். எதையும் பகிர்ந்தே பழகிய ஜனங்கள் அவர்கள். அதே ஊரில் ஒரு சினிமாக் கம்பெனி வெளியுலகமே தெரியாத காட்டுவாசிகளாக அவர்களை நடிக்கவைக்கிறது. அந்த ஷூட்டிங்கையும் மார்ஷல் பதிவு செய்திருக்கிறார். எனக்கு மனசு கனத்துப்போன இடம் அது.

அப்புறம் அவருக்குக் கேமரா இரண்டாம்பட்சமாகிவிட்டது. ஆழ்துளைக் கிணறு, மாடு, நிலம் என்று அந்த மக்களோடு அலைந்தார். உதவ வந்தவர்களில் பலர், அந்த மக்கள் வேட்டைக்காரர்களாகவே இருக்கட்டும் என்றார்கள். விவசாயத்தைவிட வனவிலங்குகளுக்கே காசு ஒதுக்கினார்கள். ஐம்பது வருடப் பதிவுகளிலிருந்து 2002இல் ஐந்து பகுதிகளாக வந்த ‘எ கலஹாரி ஃபேமிலி’ இதைச் சொல்கிறது. கடைசிப் பகுதிக்கு ‘கட்டுக்கதையால் சாவு’ என்றே பொருள்படும் தலைப்பு. மூன்று வருடத்தில் அவர் போய்விட்டார்.

அந்தக் கடைசிப் பகுதியையும் வகுப்பில் போடச் சொல்லுங்கள், ‘தி ஹண்டர்ஸ்’ பார்த்த சூடு ஆறுவதற்குள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.