தென்னை நார்க்கழிவை நேரடியாகத் தொட்டி மண்ணில் கலக்கலாமா?

பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலையிலிருந்து மலிவாக ஒரு மூட்டை கொண்டு வந்து, அப்படியே தொட்டியில் கொட்டினேன், செடி மஞ்சளாகிவிட்டது என்கிறீர்கள். மட்காத பச்சைக் கழிவு என்றால் அப்படித்தான் ஆகும்.

அதில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் மிகக் குறைவு. விகிதம் 100:1-ஐத் தாண்டும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிரிகள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிச்சமில்லை. போதாததற்கு சோடியம், பொட்டாசியம் உப்புகள் வேறு. உப்புநீரில் ஊறிய மட்டை என்றால் கேட்கவே வேண்டாம்.

நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு முழுதாக வராது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால் கால்சியம் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நிறைய இருந்தால் மட்கவைப்பதே நல்லது: டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சுமார் 2 மாதத்தில் கருத்துவிடும்.

அப்புறம் மண், தொழுவுரம், நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலக்கலாம். தண்ணீரை மட்டும் குறையுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

அனல்மின் நிலையச் சாம்பலையும் கேட்டிருந்தீர்கள். அதில் போரானும் கன உலோகங்களும் இருக்கலாம். காய்கறித் தொட்டிக்கு நான் போடமாட்டேன்.