பதில்: தலைவலி மாத்திரைக்குப் பிறகு இன்ஹேலர் கேட்கவில்லை

பெரம்பூர் நண்பருக்கு, அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் தொடங்கியதிலிருந்து ஆஸ்துமா இன்ஹேலரான சால்பூட்டமால் கேட்கவில்லை, அடித்ததும் வரும் கை நடுக்கமும் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நடுக்கம் நின்றதுதான் முக்கியமான தடயம்.

சால்பூட்டமால் அட்ரினலினைப் போல பீட்டா-2 ஏற்பியை, அதாவது செல்லின் மேல் மருந்து வந்து பொருந்தும் பூட்டை, தூண்டும். செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞைப் பொருள் கூடி மூச்சுக்குழாய்த் தசை தளரும். கைத் தசையிலும் அதே ஏற்பி இருப்பதால்தான் நடுக்கம். ப்ரோப்ரனலால் இதயத்தின் பீட்டா-1ஐ மட்டுமல்ல, பீட்டா-2ஐயும் மறிக்கும். பூட்டில் வேறு சாவி மாட்டிக்கொண்ட மாதிரி. ஆஸ்துமாக்காரருக்கு இது ஆகவே ஆகாது.

அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, இன்றைக்கே, டாக்டரிடம் ஆஸ்துமாவைச் சொல்லி மாற்று கேளுங்கள். நெஞ்சுவலி, இதயநோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்; அவர்களுக்குத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பதிலுக்கு அதே வகையைச் சேர்ந்த அட்டெனலாலை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், அதுவும் முழுப் பாதுகாப்பில்லை.

முழு வாக்கியம் பேச முடியாத அளவு இளைத்தால் உடனே 108. வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வழியாக 100 மைக்ரோகிராம் சால்பூட்டமால் பஃப், 30 முதல் 60 வினாடிக்கு ஒன்று, 10 வரை. கேஷுவால்டியில் முதல் வார்த்தையாக ப்ரோப்ரனலால் பெயரைச் சொல்லுங்கள்; பீட்டா ஏற்பியைச் சாராமல் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் இப்ராட்ரோப்பியம் மருந்தை நெபுலைசரில் சேர்ப்பார்கள்.